எழுதிய வரியெல்லாம் சட்டமாகாது

(தாராவியில் நடந்த சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் ரயில்வே குமாஸ்தா. எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பு நின்றது. ஆனாலும் நாள் முழுக்க விதிப் புத்தகமும் படிவமும் பார்த்துப் பிழைக்கிறவன். அந்தப் பழக்கத்தில், சங்கத்துக்கு வருகிற வாடகைப் பத்திரங்களையும் வேலை ஒப்பந்தங்களையும் தமிழில் வாசித்துச் சொல்லி வருகிறேன். அவற்றில் கண்டதை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

"கையெழுத்துப் போட்டாயிற்றே, இனி என்ன செய்வது?" என்று நம்மவர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்து விடுகிறார்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. சட்டத்துக்கோ பொது நலனுக்கோ விரோதமான உடன்பாடு செல்லாது என்கிறது அதன் 23ஆம் பிரிவு. இரு தரப்பும் மனமொப்பிக் கையெழுத்திட்டாலும் செல்லாது. பிறகு ஏன் எழுதுகிறார்கள்? சோளக்கொல்லையில் பொம்மை எதற்கு நிற்கிறது? குருவி பயப்படுகிற வரைக்கும் அதற்கு வேலை உண்டு.

முதலில் வேலை ஒப்பந்தம். "வேலையை விட்டால் இரண்டு ஆண்டு இதே தொழிலில் எங்கும் சேரக் கூடாது." 27ஆம் பிரிவின்படி இது செல்லாது. தோல் வேலை தெரிந்தவன் தோல் வேலைக்குத்தானே போவான்? நம் தோழர் ஒருவருக்கு வேறு பட்டறையில் கூடுதல் கூலி கிடைத்தது. இந்த ஒரு வரிக்குப் பயந்து எட்டு மாதம் பழைய இடத்திலேயே கிடந்தார். யாரும் அவர்மீது வழக்குப் போடவில்லை. வரி ஒன்றே அவரைக் கட்டிப் போட்டது.

"குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வாங்கிக் கொள்ளச் சம்மதம்." இதுவும் செல்லாது. ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், 1982இல், அப்படிக் குறைத்துக் கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23ஆம் விதி தடை செய்த கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. முன்பணம் கொடுத்து, அது தீரும் வரை வேறிடம் வேலைக்குப் போகும் உரிமையைப் பறித்தால், 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த ஊதியத் தொகுப்புச் சட்டப்படி, விலகியவரானாலும் நீக்கப்பட்டவரானாலும், சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்தாக வேண்டும்.

கைதட்ட வேண்டாம், இதையும் கேளுங்கள். எல்லா வரியும் பொம்மை என்று நினைத்துப் பத்திரத்தைக் கிழித்து விடாதீர்கள். வேலையில் இருக்கும்போது வேறு முதலாளியிடம் வேலை செய்யக் கூடாது என்பது பொதுவாகச் செல்லும். மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை, ஒரு வங்கி ஊழியர் வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே ஏற்றுக் கொண்டது. ஆனாலும் 74ஆம் பிரிவை மறக்காதீர்கள்: பத்திரத்தில் எழுதிய அபராதத் தொகை வெறும் உச்ச வரம்பு. அதற்குள் நியாயமான நஷ்ட ஈடு எவ்வளவோ அதுதான் கிடைக்கும்.

அடுத்தது வீடு. "கெடு முடிந்தால் பூட்டை உடைத்துச் சாமானை வெளியே எறியலாம்" என்று பதினோரு மாதப் பத்திரத்தில் எழுதுகிறார்கள். நிலையாகக் குடியிருப்பவரைச் சட்ட வழியில் அன்றி வெளியேற்ற முடியாது என்று 1989இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அதற்காகக் கெடு முடிந்த பிறகும் உட்கார்ந்து கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம். மகாராஷ்டிரச் சட்டப்படி இரட்டிப்புத் தொகை கட்ட நேரிடும். "பதினைந்து நாளுக்குள் கேட்காவிட்டால் டிபாசிட் போயிற்று" என்ற வரி, 28ஆம் பிரிவின்படி செல்லாது. இன்னொன்று: 1999ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைச் சட்டப்படி பத்திரத்தைப் பதிவு செய்வது வீட்டுக்காரர் பொறுப்பு. பதிவு செய்யாமல் விட்டால், நிபந்தனைகள் பற்றிக் குடியிருப்பவர் சொல்வதே, மறுத்து நிரூபிக்கும் வரை, எடுபடும்.

ஆகவே, வெற்றுத்தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். மராத்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால், தமிழில் வாசிக்கக் கேட்காமல் தொடாதீர்கள். நகல் ஒன்று வாங்கிக் கொள்ளுங்கள். வாடகைக்கு ரசீது கேளுங்கள். ஒரு வரி செல்லாது என்பதால் முழுப் பத்திரமும் செல்லாமல் போய்விடாது, வாடகையை நிறுத்தாதீர்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்பீர்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும், ஆலைத் தொழிலாளருக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு.

தோழர்களே, இந்தப் பத்திரங்களை நம்மிடம் ஒவ்வொருவராகத் தனியே உட்கார வைத்து வாங்குகிறார்கள். நாம் சேர்ந்து உட்கார்ந்து வாசிப்போம். ஞாயிறு காலை சங்க அறை திறந்திருக்கும். கையெழுத்துக்கு முன்னால் வாருங்கள். போட்டு விட்டவர்களும் வாருங்கள்.