தண்ணீர் குடித்த துப்பாக்கி

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரை)



"ஏதாவது டெக்னிக்கலா பேசு, ஆனா தூக்கம் வராம பேசு" என்று சங்கத்தின் செயலாளர் கேட்டுக்கொண்டார். எனவே மெஷின் கன் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்தேன். சத்தத்துக்குப் பயந்தாவது யாரும் தூங்க மாட்டீர்கள் அல்லவா! அதிலும் ஸ்வீடன் நாட்டு ராணுவம் பயன்படுத்திய நடுத்தர மெஷின் கன்களைப் பற்றி. நெல் விளையும் தஞ்சாவூருக்கும் பனி கொட்டும் ஸ்வீடனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. அது நம்ம வயல் பம்புசெட்டிலேயே இருக்கிறது.

நான் துப்பாக்கி செய்யும் தொழிலில் இல்லை. இன்ஜின் சூட்டைக் குறைக்கும் கூலிங் சிஸ்டம்தான் என் வேலை. அந்த வேலையாக ஸ்வீடன் போனபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டாக்ஹோமில் உள்ள ராணுவ அருங்காட்சியகத்துக்குப் போனேன். அதன் பிறகு படிக்கத் தொடங்கியதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஸ்வீடிஷ் மொழியில் மெஷின் கன்னுக்கு 'குல்ஸ்புருட்டா' என்று பெயர். 'குல்' என்றால் குண்டு. 'ஸ்புருட்டா' என்றால் பீய்ச்சும் கருவி. நம்ம ஊரில் பயிருக்கு மருந்தடிக்கிற ஸ்பிரேயர் மாதிரி, குண்டடிக்கிற ஸ்பிரேயர்!

நடுத்தர மெஷின் கன் என்றால் என்ன? ஒரே ஆள் தூக்கிக்கொண்டு ஓடுவது இலகு ரகம். வண்டியிலோ கப்பலிலோ பொருத்துவது கன ரகம். இரண்டுக்கும் நடுவில், சாதாரண ரைஃபிள் அளவுத் தோட்டாவையே எடுத்துக்கொண்டு, முக்காலியில் உட்கார்ந்து, மணிக்கணக்கில் விடாமல் சுடுவது நடுத்தர ரகம். இதில் கவனிக்க வேண்டியது 'விடாமல்' என்ற சொல்தான். வேகமாகச் சுடுவது அவ்வளவு பெரிய வித்தை அல்ல. விடாமல் சுடுவதுதான் வித்தை. காரணம், சூடு.

ஹிராம் மாக்சிம் 1884ல் முதல் தானியங்கி மெஷின் கன்னைச் செய்தார். அதைத் திருத்தி இலேசாக்கிய விக்கர்ஸ் துப்பாக்கியை 1912ல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்டது. இந்திய ராணுவமும் இரண்டாம் உலகப் போரிலும், சுதந்திரத்துக்குப் பிறகு காஷ்மீரிலும் அதைத்தான் வைத்துச் சண்டை போட்டது. மஹார் ரெஜிமெண்டின் சின்னத்தில் குறுக்காக வைத்த இரண்டு விக்கர்ஸ் துப்பாக்கிகளை இன்றும் காணலாம். அதன் குழலைச் சுற்றி ஒரு தகர உறை இருக்கும். அதில் சுமார் 4 லிட்டர் தண்ணீர் ஊற்றுவார்கள்.

தம்பிகளே, இங்கே ஒரு சின்னக் கணக்கு. நிமிடத்துக்கு 200 குண்டு வீதம் சுட்டால், மூன்று நிமிடத்தில், அதாவது 600 குண்டில், அந்தத் தண்ணீர் கொதிக்க ஆரம்பித்துவிடும். 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு 4 லிட்டர் தண்ணீரைக் கொண்டுபோக வேண்டிய வெப்பத்தை 600ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு குண்டுக்குச் சுமார் 2 கிலோஜூல் வரும். அதன் பிறகு ஒவ்வொரு ஆயிரம் குண்டுக்கும் முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் ஆவியாகிறது. ஆவியாதலின் உள்ளுறை வெப்பத்தை வைத்துக் கணக்குப் போட்டாலும் அதே 2 கிலோஜூலுக்குப் பக்கத்தில்தான் வருகிறது. முதலாண்டு தெர்மோடைனமிக்ஸ் பாடம் யுத்தகளத்திலும் பொய்க்கவில்லை! தண்ணீர் இருக்கும்வரை குழல் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். தண்ணீர் தீர்ந்தால் குழலுக்கு ஆயுள் சில நிமிடம்தான்.

இதை நம்ம டெல்டாக்காரர்களுக்கு விளக்கவே தேவையில்லை. மேட்டூர் திறக்கிறதுக்கு முன்னாலேயே குறுவைக்கு நாற்று விட்டவர்கள் வீட்டில் ஆயில் இன்ஜின் ராத்திரி பகலாக ஓடும். டெலிவரி பைப்பிலிருந்து ஒரு சின்ன டியூப்பில் தண்ணீர் பிரிந்து இன்ஜினுக்குள் போய், சுடச்சுட வெளியே விழும். அந்தச் சுடுதண்ணி நின்றால், தூங்கிக்கொண்டிருக்கும் அப்பா எழுந்து ஓடுவார். "தண்ணி நின்னுடுச்சுடா, இன்ஜின் பிடிச்சுக்கும்" என்பார். தெர்மோடைனமிக்ஸ் படிக்காத அந்த மனிதருக்குத் தெரிந்ததுதான் விக்கர்ஸ் கன்னின் மொத்தத் தத்துவமும்.

ஆனால் பம்புசெட்டுக்குத் தண்ணீர் காலடியிலேயே இருக்கிறது. போர்முனையில் அதை யாராவது சுமக்க வேண்டும். துப்பாக்கி ஒருவர், முக்காலி ஒருவர், தோட்டாப் பெட்டி இரண்டு மூன்று பேர், தண்ணீர் கேன் ஒருவர் என்று ஒரு துப்பாக்கிக்கு ஆறேழு பேர். கொதிக்கும் ஆவி மேலே போனால் எதிரிக்கு இடம் தெரிந்துவிடும் என்று, அந்த ஆவியை ஒரு ரப்பர் குழாய் வழியாக ஒரு கேனுக்குள் விட்டு மறுபடி தண்ணீராக்கினார்கள். மறைவுக்கு மறைவு, சிக்கனத்துக்குச் சிக்கனம். பனிப் பிரதேசத்தில் தண்ணீரே பகையாகிவிடும். உறைந்தால் உறை பிளந்துவிடும். அதனால் கிளிசரின் போன்றவற்றைக் கலந்தார்கள்.

இப்போது ஸ்வீடனுக்கு வருவோம். ஸ்வீடன் 1814க்குப் பிறகு சொந்தமாக எந்தப் போரிலும் இறங்கியதில்லை. ஆனாலும் "நாங்கள் நடுநிலை" என்று சொல்வதற்கே கையில் ஆயுதம் வேண்டும் என்று நம்பிய நாடு அது. முதலில் 1914ல் அவர்கள் எடுத்துக்கொண்டது ஆஸ்திரியாவின் ஷ்வார்ஸ்லோஸ. தண்ணீரில் குளிர்வது. பிறகு அமெரிக்க பிரௌனிங்கை அடிப்படையாகக் கொண்டு 1936 மாடல். அதுவும் தண்ணீர்தான்.

இந்த 1936 மாடலில் ஒரு வேடிக்கை நடந்தது. மெஷின் கன் அதிக தூரம் பாய வேண்டும் என்று, ரைஃபிளின் 6.5 மில்லிமீட்டர் தோட்டாவை விட்டு, 8 மில்லிமீட்டரில் ஒரு பெரிய தோட்டாவை உருவாக்கியிருந்தார்கள். தூரம் கிடைத்தது. ஆனால் துப்பாக்கிக் குழுவினர் கையில் இருந்த ரைஃபிளுக்கு ஒரு தோட்டா, மெஷின் கன்னுக்கு வேறு தோட்டா என்றாகிவிட்டது. இந்தக் குழப்பம் வேண்டாம் என்று ஜெர்மன் மௌசர் ரைஃபிள்களை வாங்கி, அந்தப் பெரிய தோட்டாவுக்கு ஏற்ப மாற்றி, மெஷின் கன் குழுவினருக்குக் கொடுத்தார்கள். முக்காலி தாங்கிய உதையை மனிதனின் தோள் எப்படித் தாங்கும்? குழல் முனையில் பிரேக் வைத்தும் பயனில்லை. காகிதத்தில் கச்சிதமாக இருந்த தீர்வு சிப்பாயின் தோளில் வந்து இடித்தது. அந்த ரைஃபிள் சீக்கிரமே கைவிடப்பட்டது.

அடுத்தது 1942 மாடல். அதில் தண்ணீர் இல்லை, காற்றில் குளிர்வது. எடை குறைந்தது. ஆனால் காற்று தண்ணீர் மாதிரி சூட்டை வாங்காது. எனவே விட்டு விட்டுத்தான் சுட முடியும். கடைசியாக 1958ல் பெல்ஜியம் நாட்டு ஹெர்ஸ்டால் தொழிற்சாலையின் 'மேக்' என்ற துப்பாக்கியை ஏற்றுக்கொண்டார்கள். அதை முதலில் ஏற்றுக்கொண்ட நாடு ஸ்வீடன்தான்.

மேக் சூட்டை எப்படிச் சமாளித்தது? குழலே கழன்று வரும்படி செய்தார்கள். தூக்கிப் போகும் கைப்பிடியையே திருப்பினால் சுட்ட குழல் கழன்றுவிடும், ஆறிய குழலை மாட்டிவிடலாம். இன்னொன்று, விசையை விட்டதும் போல்ட் பின்னாலேயே நின்றுவிடும். சூடான அறைக்குள் தோட்டா உட்கார்ந்திருந்தால் யாரும் விசையை அழுத்தாமலேயே வெடிக்கும் அல்லவா, அந்த ஆபத்து இல்லை. குழலுக்குள் காற்றும் போய் வரும். எடை சுமார் 11 கிலோ. தண்ணீர் கேன் போயிற்று, அதன் இடத்தில் மாற்றுக் குழல் வந்தது. சுமை ஒழியவில்லை, உருவம் மாறியது.

ஸ்வீடன்காரர்கள் அதை முதலில் தங்கள் 6.5 மில்லிமீட்டருக்கே செய்துகொண்டார்கள். பிறகு நேட்டோ நாடுகளின் 7.62 தோட்டாவுக்குக் குழலை மாற்றி, அதே துப்பாக்கியைத் தொடர்ந்து பயன்படுத்தினார்கள். அவர்கள் நேட்டோவில் சேர்ந்தது 2024ல்தான். தோட்டா பல வருடம் முன்னாலேயே சேர்ந்துவிட்டது!

இந்தியாவும் வேறொரு பாதையில் நடந்து அதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. விக்கர்ஸுக்குப் பிறகு நம் ராணுவத்தின் நடுத்தர மெஷின் கன் அதே பெல்ஜியம் மேக்தான். உரிமம் பெற்று கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையில் செய்கிறார்கள். நம் ஆவடியில் உருவான அர்ஜுன் டாங்கியிலும் பீரங்கிக்குப் பக்கத்தில் அதே மேக் உட்கார்ந்திருக்கிறது. 1961ல் காங்கோவின் கட்டாங்கா பகுதியில், ஐ.நா. படையின் நீலத் தொப்பி அணிந்து ஸ்வீடன் சிப்பாய்களும் இந்திய சிப்பாய்களும் ஒரே களத்தில் நின்றார்கள் என்பதையும் இங்கே குறிப்பிட விரும்புகிறேன்.

நம்ம பக்கத்திலேயே இன்னொரு உறவும் உண்டு. ஸ்வீடனில் மேக்கை உரிமம் பெற்றுச் செய்தது எஸ்கில்ஸ்டூனா நகரில் இருந்த 'கார்ல் குஸ்டாஃப்' ஆயுதத் தொழிற்சாலை. அந்தப் பெயரைத் தாங்கிய 84 மில்லிமீட்டர் ராக்கெட் லாஞ்சரைச் செய்திருப்பது, தஞ்சாவூரிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை. 1966ல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலை, 2021 அக்டோபரில் அரசு நிறுவனமாக மாற்றப்பட்டபோது கான்பூர் தொழிற்சாலையோடு ஒரே கம்பெனியின் கீழ் வந்தது.

"சார், அந்த மாதிரி இடத்துக்கு வேலைக்குப் போகலாமா?" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, இது கொல்லும் யந்திரம் என்பதை மறந்துவிட்டுப் பேசக் கூடாது. 1898ல் சூடானில் ஓம்டர்மன் போரில், மாக்சிம் துப்பாக்கியும் பீரங்கியும் வைத்திருந்த பக்கத்தில் செத்தவர்கள் ஐம்பது பேருக்கும் குறைவு. எதிர்ப்பக்கம் பத்தாயிரத்துக்கும் மேல். 1904ல் இந்தியாவிலிருந்து திபெத்துக்குப் போன படையும் மாக்சிமைக் கொண்டுபோய்ச் சுட்டது. எதிரே நின்றவர்கள் பெரும்பாலும் பழைய நாட்டுத் துப்பாக்கியும் வாளும் வைத்திருந்தவர்கள். குண்டுக்கு 2 கிலோஜூல் என்று நான் போட்ட கணக்கு குழலுக்கான கணக்கு. குண்டு போய்ச் சேரும் இடத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. அந்த வேலைக்குப் போகிறவர் இதைத் தெரிந்தே போக வேண்டும். தெரிந்தும், நாட்டைக் காக்க இது வேண்டும் என்று போகிறவர்களை நான் மதிக்கிறேன்.

இரண்டாவது, போனால் என்ன செய்வீர்கள் என்பது. ஸ்வீடன் வைத்திருந்த நான்குமே பிறர் கண்டுபிடித்தவை. அதில் வெட்கம் இல்லை. ஆனால் ஒவ்வொன்றையும் தங்கள் தோட்டாவுக்கும் தங்கள் சிப்பாய்க்கும் ஏற்றபடி மாற்றினார்கள். தவறான மாற்றத்தைக் கைவிடவும் தயங்கவில்லை. உரிமம் வாங்கினால் வரைபடம் வரும், அளவு வரும், டாலரன்ஸ் வரும். ஏன் அந்த அளவு என்பது வராது. அதை நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். மேக்கை இங்கேயே செய்துகொண்டிருந்த நம் நாடு, 2020 மார்ச்சில் 16,479 இலகு ரக மெஷின் கன்களை இஸ்ரேலிலிருந்து சுமார் 880 கோடி ரூபாய்க்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. 'ஏன்' என்று கேட்கும் ஆட்கள் இன்னும் நிறைய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

துப்பாக்கியோ, பம்புசெட்டோ, கம்ப்யூட்டரோ, நீங்கள் எதைச் செய்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். இதன் சூடு எங்கே போகிறது? விடாமல் ஓடினால் முதலில் எது கெடும்? நான் கண்டுபிடித்த தீர்வின் சுமை யார் தோளில் ஏறுகிறது? மூன்றாவது கேள்விக்குப் பாடப்புத்தகத்தில் விடை கிடையாது. களத்துக்குப் போய், சுமப்பவரையே கேட்க வேண்டும். அந்த எட்டு மில்லிமீட்டர் ரைஃபிளைச் சுட்ட முதல் சிப்பாயை முன்னாலேயே யாராவது கேட்டிருந்தால், அவர் ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பார்!

 சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. அதற்கு மேல் விடாமல் சுடுவது எனக்கும் நல்லதல்ல, உங்களுக்கும் நல்லதல்ல.