ஜப்பானிய மொழித் தேர்வும் தமிழ்ப் பிள்ளையின் கைமுதலும்



ஆண்டுதோறும் ஜூலையிலும் டிசம்பரிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உலகின் பல நாடுகளில் ஜப்பானிய மொழித் திறன் தேர்வு நடைபெறுகிறது. 1984ஆம் ஆண்டு தொடங்கிய தேர்வு இது. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இதை எழுதுவோரில் தமிழ் இளைஞர்களும் இருக்கிறார்கள். தொழிற்சாலையில் ஷிப்டு முடித்துவிட்டு மாலை வகுப்புக்கு ஓடுகிறவர் ஒருவர். ஜப்பானில் மேற்படிப்புக்கு முயல்கிறவர் இன்னொருவர். கார்ட்டூன் படம் பார்த்து ஆசை பிடித்து வந்தவர் மற்றொருவர். 1982இல் டாக்டர் மகாதீர் கிழக்கு நோக்கும் கொள்கையை அறிவித்த பிறகு, மலேசியாவில் பலருக்கு இம்மொழி பிழைப்புக்கும் வழியாயிற்று. உயர்திறன் பணியாளர்களுக்குப் புள்ளி போட்டு விசா தரும் ஜப்பான் அரசு, இத்தேர்வின் என்-1 நிலைக்கு 15 புள்ளிகளும் என்-2 நிலைக்கு 10 புள்ளிகளும் தருகிறது. சுவரில் மாட்டி அழகு பார்க்க மட்டும் யாரும் இதை எழுதுவதில்லை.

அந்த வகுப்பறையில் நடப்பதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சீன எழுத்துகளை ஜப்பானியர் 'கஞ்சி' என்பார்கள். பெயரைக் கேட்டதும் தமிழ் மாணவர் சிரிப்பார். இரண்டு வாரம் கழித்து அவருக்குச் சிரிப்பு வராது. பக்கத்து நாற்காலியில் இருக்கும் சீன மாணவரோ பலகையில் எழுதியதைப் பார்த்த உடனேயே பாதிப் பொருளைச் சொல்லிவிடுகிறார். 'இவர்களுக்குப் பிறப்பிலேயே வாய்த்திருக்கிறது, நமக்கு என்ன இருக்கிறது' என்று தமிழ் மாணவர் சோர்ந்துபோகிறார். பலர் அந்த மாதத்தோடு நின்றும் விடுகிறார்கள்.

அவர் கையிலும் முதல் இருக்கிறது. ஆங்கிலப் பாடப்புத்தகத்தின் வழியாக ஜப்பானியம் படிப்பதால் அது அவர் கண்ணில் படுவதில்லை.

ஆங்கிலம் பேசுகிறவருக்கு ஜப்பானிய வாக்கியம் தலைகீழாகத் தெரியும். வினைச்சொல் கடைசியில் வருகிறது, வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது. தமிழில் அதுதானே வழக்கம்! சொல்லுக்குச் சொல் பெயர்த்துப் பாருங்கள். 'தபெதெ' என்றால் சாப்பிட்டு. 'மிரு' என்றால் பார். 'தபெதெ மிரு' என்றால் சாப்பிட்டுப் பார். அங்கேயும் இந்தப் 'பார்' கண்ணால் பார்ப்பதைக் குறிக்காது, முயன்று பார்ப்பதையே குறிக்கும். 'கத்தெ ஒகு' என்றால் வாங்கி வை. 'தபெதெ ஷிமவு' என்றால் சாப்பிட்டுவிடுவது. ஆங்கிலப் புத்தகம் ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம் விளக்கம் எழுதுகிறது. தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு வரி போதும். 'இகு தொ இத்தா' என்பதில் உள்ள 'தொ' நம் 'என்று' தான்: போவதாக, அதாவது 'போகிறேன் என்று' சொன்னார்.

சுட்டுச் சொற்களும் அப்படியே. பேசுபவர் அருகில் இருப்பது 'கொரெ', கேட்பவர் அருகில் இருப்பது 'சொரெ', இருவருக்கும் தொலைவில் இருப்பது 'அரெ', கேள்வி கேட்டால் 'தொரெ'. இது, உது, அது, எது! நடுவில் உள்ள 'உது' மலேசியத் தமிழர் வாயில் இப்போது வருவதில்லை. யாழ்ப்பாணத்துக்காரரைக் கேட்டால் இன்றும் சொல்வார். அகரவரிசையிலும் அ, இ, உ, எ, ஒ என்றுதான் உயிர் வருகிறது; பிறகு க, ச, த, ந என்று மெய்வரிசை போகிறது. புத்த மதத்தோடு ஜப்பானுக்குச் சென்ற சமஸ்கிருத எழுத்துக் கல்வியின் தடம் அது.

இதையெல்லாம் கேட்டவுடன் 'ஜப்பானியமே தமிழிலிருந்து பிறந்தது' என்று மேடையில் முழங்குகிறவர்கள் உண்டு. 2008இல் மறைந்த ஜப்பானியப் பேராசிரியர் சுசுமு ஓனோ, இரு மொழிகளுக்கும் உறவு உண்டென்று பல நூறு சொற்களை ஒப்பிட்டு எழுதினார். மொழியியல் அறிஞர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. மாணவருக்கு அந்த வழக்கின் தீர்ப்பு தேவையுமில்லை. உயிருள்ளது இருப்பதற்கு ஜப்பானியரும் 'இரு' என்கிறார்கள் என்று கேட்டு மகிழலாம். ஆனால் நாய்க்கும் பூனைக்கும் அதே 'இரு'தான், மேசைக்கு மட்டும் 'அரு' என்பதை மறந்தால் வாக்கியம் பிழையாகிவிடும். எழுவாயோடு வரும் 'வா', 'கா' என்ற இரண்டு இடைச்சொற்களின் வேறுபாட்டுக்கும் தமிழில் நேர்ச் சொல் கிடையாது. அங்கே உழைத்துத்தான் ஆக வேண்டும்.

ஆக, இலக்கணத்தில் மிச்சமாகும் நேரத்தை எங்கே செலவிடுவது? எழுத்திலும் காதிலும் என்பதுதான் விடை. ஜப்பான் அரசின் பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் மட்டும் 2,136 எழுத்துகள் உள்ளன. எழுத்தைத் தனியாக நெட்டுருப் போடுவது வீண். பிறப்பைக் குறிக்கும் ஒரே எழுத்து, மாணவர் என்ற சொல்லில் 'செய்' என்றும், பிறந்தநாள் என்ற சொல்லில் 'ஜோ' என்றும், பச்சை மீன் என்னும்போது 'நமா' என்றும் ஒலிக்கிறது. சொல்லோடு சேர்த்துப் படித்தால்தான் நிற்கும்.

தேர்வைப் பற்றிய பழைய யோசனைகளும் பிள்ளைகளைக் கவிழ்க்கின்றன. 2010க்கு முன் நான்கு நிலைகள் இருந்தன; மொத்த மதிப்பெண் தேறினால் போதும். அந்தக் காலத்தில் எழுதிய அண்ணன்மார், 'கேட்டல் போனால் போகட்டும், இலக்கணத்தில் பிடித்துவிடலாம்' என்பார்கள். இப்போது நிலைகள் ஐந்து. எளியது என்-5, கடினமானது என்-1. மொத்தம் 180. என்-2இல் மொழியறிவு, வாசிப்பு, கேட்டல் என்ற மூன்று பகுதிக்கும் 60 வீதம். தேற 90 வேண்டும். ஆனால் ஒவ்வொரு பகுதியிலும் 19 எடுத்தாக வேண்டும். மொழியறிவில் 45, வாசிப்பில் 40, கேட்டலில் 18 என்று ஒருவர் வாங்கினால் கூட்டுத்தொகை 103. ஆனாலும் தோல்விதான்! ஒரே ஒரு புள்ளியில் ஆறு மாதம் போயிற்று.

என்-1, என்-2 நிலைகளில் மொழியறிவும் வாசிப்பும் ஒரே தாளில் வருகின்றன. என்-2க்கு 105 நிமிடம். சொற்களிலேயே உட்கார்ந்துவிட்டால், கடைசியில் இருக்கும் நீண்ட பகுதிகளைக் கண்ணால் பார்க்கக்கூட நேரமிராது. வீட்டில் கடிகாரத்தை வைத்துப் பழகாமல் மண்டபத்துக்குப் போவது சரியல்ல. ஏற்பாட்டாளர்களே 2012இலும் 2018இலும் அதிகாரபூர்வப் பயிற்சி ஏடுகள் வெளியிட்டிருக்கிறார்கள். முதலில் வாங்க வேண்டியவை அவை.

கேட்டல் பகுதியில் எதுவும் ஒருமுறைதான் ஒலிக்கும். சில கேள்விகளுக்குத் தாளில் ஒரு சொல்கூட அச்சிட்டிருக்காது; ஒருவர் ஏதோ சொல்வார், மூன்று மறுமொழிகள் வரும், பொருந்துவதைக் குறிக்க வேண்டும். இங்கும் தமிழ்க் காது கைகொடுக்கும். 'ஒபசன்' என்றால் அத்தை, 'ஒபாசன்' என்றால் பாட்டி. குறில் நெடில் தெரியாதவர் தடுமாறும் இடம் இது. 'வரலாம் என்று நினைத்தேன், ஆனால்' என்று இழுத்து, மறுப்பைக் கடைசியில் வைக்கும் பேச்சும் தமிழருக்குப் புதிதல்ல. வேகம்தான் புதிது. அதற்கு வாரம் ஒருநாள் வகுப்பு போதாது. தொழிற்சாலைப் பேருந்தில் போகவர ஆகும் நேரத்தில் ஓர் உரையாடலையே மூன்று நான்கு முறை கேட்டு, வாயால் கூடவே சொல்லிப் பழகியவர்கள் தேறி வந்திருக்கிறார்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். 'தமிழ்ப் பள்ளியில் படித்து என்ன கண்டாய்' என்று கேட்கும் வீடுகளில்தான் இந்தப் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிறார்கள். அவர்களுடைய நோட்டுப் புத்தகத்தை ஒருநாள் வாங்கிப் பாருங்கள். ஜப்பானிய வாக்கியத்துக்குக் கீழே ஆங்கிலம் எழுதியிருந்தால், அதற்கும் கீழே தமிழிலும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.