கொடுவாளும் கூலிக்காரர் கையும்

(செஞ்சியில் முள் வெட்டும் தொழிலாளரிடையே ஆற்றிய உரை)

இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் வளைத்து நிற்கும் நம் கோட்டையை 2025 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. வருகிறவர்கள் மதிலைப் பார்ப்பார்கள். ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் வேலிகாத்தானை வெட்டிக் காய்த்துப்போன கையை யார் பார்ப்பார்கள்? நாம் பேசவேண்டியது அந்தக் கையைப் பற்றி.

கடையிலே நீளமாய், நேராய், மெல்லிய தகட்டில் ஒரு கத்தி விற்கிறார்கள். கியூபாவின் கரும்புத் தோட்டங்களில் புழங்கிய இனம். கரும்புக்கும் பச்சைச் செடிக்கும் அது சரி. வைரமேறிய வேலிகாத்தான் கட்டையில் வீசினால் துள்ளித் திரும்பும். திரும்புகிற இடம் நமது முழங்கால்! கொடுவாளின் வளைந்த மூக்கோ கிளையை இழுத்துப் பிடிக்கும், கனமே பாதி வேலையைச் செய்யும். ஆனால் பொழுதெல்லாம் தூக்கினால் மணிக்கட்டு வீங்கும். ஆகவே கிளைக்குக் கொடுவாள், உயரத்துக்குத் தொரட்டி, அடிமரத்துக்குக் கோடாரி, வேருக்குக் கடப்பாரை. வேரை விட்டால் மறு மழைக்குத் துளிர்க்கும். கான்ட்ராக்டருக்கு மறு பில்லும் துளிர்க்கும்.

பிடியைப் பாருங்கள். இரும்புக் குழாயைப் பற்றவைத்த பிடி வியர்வையில் வழுக்கும், ஒவ்வொரு அடியும் தோள் வரை அதிரும். பூண் இறுகிய மரப்பிடி, அடியில் சற்றுப் புடைத்து, விரல்கள் சுற்றி வளைக்கும் பருமனில் இருக்கவேண்டும். ஆண் கைக்குச் செய்த பிடியைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, "வேகம் போதவில்லை" என்பது என்ன நியாயம்?

மழுங்கிய கத்திதான் அதிகம் வெட்டும், மரத்தையல்ல, ஆளை. ஓங்கி அடிக்கிறோம், வழுக்குகிறது. ஆதலால் சாணை பிடிக்கும் நேரமும் வேலை நேரமே. கிளையைக் கையால் பிடிக்காதீர்கள், கவைக்கோலால் தள்ளுங்கள். பக்கத்து ஆளுக்கும் நமக்கும் இடையே இரண்டு ஆள் நீளம் இருக்கட்டும். ரப்பர் செருப்பை அந்த முள் சுலபமாய்த் துளைக்கும்.

ஆலைத் தோழர்களே! சுழலும் சக்கரத்துக்குக் காப்பு வேண்டுமென்று தொழிற்சாலைச் சட்டம் 1948-லேயே எழுதிற்று. விவசாயத் தொழிலாளியின் பாதுகாப்புக்கு 2001-ல்தான் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் தனி உடன்படிக்கை கண்டது. 2005 ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் வேலைத்தளத்தில் முதலுதவிப் பெட்டி வேண்டுமென்றது. எத்தனை ஏரிக்கரையில் அந்தப் பெட்டியைக் கண்டீர்கள்?

அடுத்த முள் வெட்டுக்கு ஆள் கேட்டு வரும்போது கூலியோடு இதையும் பேசுங்கள்: கத்தி யார் செலவு, சாணை யார் செலவு, கால் வெட்டுப்பட்டால் வைத்தியமும் அந்நாட்களின் கூலியும் யார் செலவு? பதிலை எழுதி வாங்கிக்கொண்டு கொடுவாளை எடுங்கள்.