பெயருள்ள காய்கள்



சதுரங்கத்தில் வெட்டுண்ட காலாளுக்குப் பெயர் கிடையாது. அடுத்த ஆட்டத்தில் அவன் அதே கட்டத்தில் மீண்டும் நிற்பான். 1990ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்த ‘ஃபயர் எம்ப்ளம்’ என்னும் மின்னணு விளையாட்டில் நிலைமை வேறு. ஷோசோ காகா வடிவமைத்த அவ்வாட்டத்தில் படைவீரர் ஒவ்வொருவருக்கும் பெயர் உண்டு, முகம் உண்டு. களத்தில் விழுந்தவர் பொதுவாக மீள்வதில்லை.

2002இல் இவ்வரிசை ‘கேம்பாய் அட்வான்ஸ்’ என்னும் கையடக்கக் கருவிக்கு வந்தது. அதன் திரை 2.9 அங்குலம், போர்க்களத்தில் குறுக்கே 15 கட்டம், நெடுக்கே 10 கட்டம் மட்டுமே ஒரு நேரத்தில் கண்ணுக்குத் தெரியும். ஆடுபவர் தம் படையை நகர்த்தி முடித்த பிறகே எதிரி நகர்வான். வாள் கோடரியை வெல்லும். கோடரி ஈட்டியை வெல்லும். ஈட்டி வாளை வெல்லும். குழந்தையும் கற்றுக்கொள்ளத்தக்க விதிகள்தாம். கவிஞர் கவனிக்க வேண்டியது வேறிடத்தில் இருக்கிறது.

இரு வீரர் அடுத்தடுத்த கட்டங்களில் பல முறை நின்றால், அவர்களிடையே நெருக்கம் வளர்கிறது. போருக்கு நடுவே இருவரும் உரையாடுகின்றனர். மூன்று படிகளில் அவ்வுரையாடல் முதிரும். ஆனால் ஒருவருக்கு ஓர் ஆட்டத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் வாய்ப்பில்லை. யாரை யாரருகே நிறுத்துவது என்பது போர்த்தந்திரம் மட்டுமன்று. எந்தப் பேச்சு நிகழும், எது நிகழாது என்ற தேர்வும் ஆகும். வீரர் ஒருவர் விழுந்தால் இழக்கப்படுவது ஒரு வாளோ ஈட்டியோ அன்று. முதற்படியோடு நின்றுபோன ஓர் உரையாடல். விழும் கணத்தில் அவர் ஓரிரு வரி பேசுவார். ஆட்டத்தின் முடிவில், பிழைத்தவர்களின் பிற்கால வாழ்வு சில வரிகளில் சொல்லப்படும். இறந்தவருக்கோ எந்த அத்தியாயத்தில் மாண்டார் என்ற குறிப்போடு சரி. சொற்சிக்கனம் பேசும் அவையில் இது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இன்னொரு நுட்பமும் உண்டு. அடி விழும் வாய்ப்பு நூற்றுக்கு 90 என்று திரை காட்டும்போது உண்மையான கணக்கு 98. 10 என்று காட்டினால் உண்மையில் 2. இரண்டு எண்களைக் குலுக்கி அவற்றின் சராசரியைக் கருவி கொள்வதே காரணம். எண்ணிக்கையில் சிறுபான்மையராய் நிற்கும் ஆடுபவர் பக்கமே இந்தக் கணக்கு பெரும்பாலும் சாய்கிறது. பொய்தான், ஆயினும் கருணையுள்ள பொய்!

இழப்பைத் தாங்காதவர் கருவியை அணைத்துவிட்டு மீண்டும் தொடங்கினர். ஒவ்வோர் அசைவையும் கருவி உடனுக்குடன் பதிந்து வைப்பதால், அணைத்து எழுப்பினாலும் சாவு சாவாகவே இருக்கும். அத்தியாயம் முழுவதையும் முதலிலிருந்து ஆட வேண்டும். ஒரு கற்பனை வீரனுக்காக ஒருவர் தம் மாலைப்பொழுதைக் கொடுத்தார் என்றால், அந்தப் பாத்திரப் படைப்பு தோற்றதென்று யார் சொல்ல முடியும்?

2010இல் வந்த ஆட்டத்தில், விழுந்தவர் அடுத்த அத்தியாயத்தில் எழுந்து வரும் எளிய முறை சேர்ந்தது. 2017இல் வந்ததில் காலத்தையே பின்னோக்கித் திருப்பும் சக்கரம் ஒன்று கிடைத்தது. இதனால் ஆடுவோர் தொகை பெருகியிருக்கலாம். ஆனால் விழப்போகும் வீரனை நகர்த்தும் விரலில் இருந்த தயக்கம் குறைந்தது. பழைய முறையை அவர்கள் அழித்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எளிய முறையைச் சேர்த்த அந்த 2010 ஆட்டம், முதற்போர் தொடங்குமுன்பே ஆடுபவரிடம் கேட்டுவிடுகிறது: இறந்தவர் திரும்ப வேண்டுமா, வேண்டாமா?