ஏணி வெச்ச மேடையும் எங்க தெரு வள்ளியும்

(தேவதானம் கலை இரவில் பேசியதன் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான். முழுசா படிச்சிட்டுப் பகிருங்க தோழர்களே.)



இந்த மேடையை ஒரு தடவை பாருங்க. டிரம்மை அடுக்கி, மேலே பலகை போட்டு, பக்கத்துல ஒரு ஏணி. எனக்கே ஏறும்போது கால் நடுங்குச்சு. எங்க தெருவுல ஒரு தங்கச்சி இருக்கு. சக்கர நாற்காலியில இருக்கிற பிள்ளை. வள்ளி திருமணம் நாடகத்துல வள்ளி பாட்டு, வசனம், தர்க்கம் எல்லாம் மனப்பாடம். "நீ ஏம்மா நடிக்கல?"ன்னு கேட்டேன். "ஏணியில யாருண்ணே தூக்கிட்டுப் போவா? தூக்கிட்டே போனாலும், விடிய விடிய நாடகம், நான் பாத்ரூமுக்கு எங்க போவேன்?"னு கேட்டுச்சு. எனக்குப் பதில் வரல.

வீட்டுல இருந்தபடியே, இணையம் வழியா, மேடைத் திரையில அந்தப் பிள்ளை வள்ளியா வரலாமேன்னு சொன்னா, "அது நாடகமாய்யா?"ன்னு சிரிக்கிறாங்க.

சிரிக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். நம்ம ஸ்பெஷல் நாடகம் எப்படி நடக்குது? ராஜபார்ட் ஒரு ஊரு, ஸ்திரீபார்ட் ஒரு ஊரு, பபூன் வேற ஊரு. தனித்தனியா பேசி வரவழைக்கிறோம். ஒத்திகை கிடையாது. பல நேரம் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கிறதே அன்னைக்கு ராத்திரிதான். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) போட்டுக் கொடுத்த நாடகப் பாடம் எல்லாருக்கும் பொதுவா இருந்ததால அது முடியுது. தூரத்துல இருக்கிறவங்களைச் சேர்த்து நாடகம் போடுறது நமக்குப் பழைய பழக்கம் தோழர்களே.

மைக் வராத காலத்துல, கடைசி வரிசைக்குக் கேட்கிற தொண்டை இருந்தாத்தான் கதாநாயகன். மைக் வந்தது, சின்னக் குரலுக்கும் இடம் கிடைச்சுது. 1938-ல் சென்னையிலும் 1939-ல் திருச்சியிலும் அகில இந்திய வானொலி நிலையம் வந்தது. வானொலி நாடகத்துல நடிகருக்குக் கால் இருக்கா, கண் தெரியுதான்னு கேட்டவங்க யாரு?

வெளியூர்ல இது எப்பவோ தொடங்கியாச்சு. லண்டன்ல 'கிரேயே' நாடகக் குழு 1980-லிருந்து மாற்றுத்திறனாளிக் கலைஞர்களை வெச்சே நடத்துது. 2020 ஊரடங்குல இணைய நாடகங்களை வரிசையா வெளியிட்டாங்க. பக்கத்துல இலங்கையில, 2000-ல் தொடங்கின சுனேரா அறக்கட்டளை நாடகப் பயிற்சி கொடுக்குது. போர்ல ஊனமடைந்த படைவீரர்களும் அவங்க மேடையில ஏறியிருக்காங்க.

சிக்கல் இல்லாம இல்ல. இணையத்துல சத்தம் கொஞ்சம் பிந்தி வரும். பேச்சுக்குப் பரவாயில்ல. ஆனா இந்தப் பக்கம் ஆர்மோனியம், அந்தப் பக்கம் பாட்டுன்னா தாளம் கலைஞ்சிடும். வழி இருக்கு. தங்கச்சி சுருதிப் பெட்டியை மட்டும் வெச்சுக்கிட்டுப் பாடணும்; மேடையில இருக்கிற ஆர்மோனியமும் மிருதங்கமும் அவ குரலைக் கேட்டுப் பின்தொடரணும். ஜனங்களுக்கு எல்லாம் ஒண்ணா கேட்கும். ஜூம் மாதிரி செயலி, இசையை இரைச்சல்னு நினைச்சு வெட்டிடும். அந்த அமைப்பை அணைச்சு வைக்கணும். முக்கியமா, கூட்டத்தைக் காட்ட மேடையில ஒரு கேமரா வேணும். கைதட்டல் தெரியாம எந்த நடிகர் நடிப்பார்?

ஒரு எச்சரிக்கை. "அதான் செல்போன் இருக்கே, சாய்தளம் எதுக்கு?"ன்னு நாளைக்கு ஒருத்தர் கேட்பார். விடக்கூடாது. வீட்டுல இருந்து நடிக்கிறதா, மேடைக்கு வர்றதான்னு அந்தப் பிள்ளை முடிவு பண்ணணும். நாம ஏணியை மட்டும் வெச்சிட்டு முடிவு பண்ணக்கூடாது.

இது யாரும் போடுற பிச்சை இல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 29, மாற்றுத்திறனாளிக் கலைஞர்களுக்கு வசதியும் ஆதரவும் தரணும், பொழுதுபோக்குல அவங்க பங்கேற்கத் தொழில்நுட்பத்தை உருவாக்கணும்னு அரசுக்கே சொல்லுது. பாரத்நெட் கேபிள் ஊராட்சிக்கு எதுக்கு வருது? திருவிழா ராத்திரி அந்த இணைப்பு மேடைக்கும் வரட்டும்.

அடுத்த கிராம சபையில ரெண்டு கோரிக்கை வைக்கிறோம்: பொது மேடைக்குச் சாய்தளமும் கழிப்பறையும், நாடக ராத்திரிக்கு இணைய இணைப்பு. மனுவை அந்தத் தங்கச்சியே எழுதியிருக்கு, ரெண்டு பக்கம். கீழே மேசையில இருக்கு. போகும்போது படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க.