நட்ட பல்லும் சுற்றிய ஈறும்



பல் விழுந்தவர்கள் கழற்றி மாட்டும் பல்செட்டு வைத்துக்கொள்வது எங்கள் தேவாரம் பகுதியில் நெடுநாள் வழக்கம். இந்நாளில் தாடையெலும்பிலேயே ஒரு திருகைப் பதித்து, அதன்மேல் பல்லைப் பொருத்தும் முறையும் வந்துவிட்டது. மருத்துவர்கள் இதனை இம்ப்ளான்ட் என்பர். நாம் நட்ட பல் என்றே வைத்துக்கொள்வோம். உலோகத்திற்குச் சொத்தை ஏது, இனிக் கவலை எதற்கு என்று பலர் எண்ணுகின்றனர். சொத்தை விழாது என்பது மெய்யே. ஆனால் அதனைச் சூழ்ந்திருக்கும் ஈறு உயிருள்ள தசையாயிற்றே! அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

சுவீடன் நாட்டு அறிஞர் பிரானேமார்க் 1950-களில் முயலின் எலும்புக்குள் டைட்டானியக் கருவியொன்றை வைத்துக் குருதியோட்டத்தை ஆராய்ந்தார். பின்னர் அதனை எடுக்க முயன்றபோது, அது எலும்போடு ஒன்றிப்போய்ப் பெயர்க்க இயலாதிருக்கக் கண்டார். அதன் பயனாக 1965-இல் லார்சன் என்பவருக்கு டைட்டானிய வேர்கள் பதிக்கப்பட்டன. அவர் 2006-இல் மறையும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவை பயன்பட்டன.

எலும்பு இவ்வாறு உலோகத்தை ஏற்றுக்கொள்கிறது. ஈறு அத்துணை நெருங்குவதில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களில் பந்தலைத் தாங்கும் கல்தூண்களைப் பார்த்திருப்பீர்கள். தோட்டத்து ஓரத்து வேம்பு தன் வேர்களால் மண்ணைப் பின்னிப் பிடித்திருக்கும். கல்தூணைச் சுற்றியோ மண் இறுகி நிற்கும், அவ்வளவே. ஓரத்தில் பிளவு கண்டால் மழைநீர் நேரே அடிக்கு இறங்கிவிடும். இயற்கைப் பல்லின் வேரில் ஈற்றின் நார்கள் குறுக்காகச் சென்று ஊன்றியுள்ளன. நட்ட பல்லிலோ அவை அதனைச் சுற்றியும் அதன் போக்கிலேயும் ஓடுகின்றன. பல்லையும் எலும்பையும் இணைக்கும் மெல்லிய சவ்வும், அதிலுள்ள குருதிக் குழாய்களும் அங்கே இல்லை. ஆதலின் அழுக்கில் வளரும் கிருமிகளைத் தடுக்கும் வலிமை குறைவு.

முதலில் ஈறு சிவந்து வீங்கும். துலக்கினால் குருதி கசியும். இந்நிலையில் தூய்மை செய்தால் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும். கவனியாது விட்டால் எலும்பே கரையத் தொடங்கும். கொடுமை என்னவெனில், அப்போதும் பலருக்கு வலி இராது. கரைந்த எலும்பு தானே வளர்வதும் இல்லை.

எந்த வகை நல்லது என்று கேட்பார்கள். சிலவற்றில் திருகும் மேற்பகுதியும் கூடும் மூட்டு எலும்பின் அருகே அமையும். வேறு சிலவற்றில் வழவழப்பான கழுத்து ஈற்றினூடே மேலெழுந்து, மூட்டு எலும்பைவிட்டு விலகி நிற்கும். மூட்டின் நுண்ணிடுக்கில் கிருமி தங்குமாதலால், பின்னதை நல்லதென்று கருதுவோர் உளர். டைட்டானியமன்றிச் சிர்க்கோனியா என்னும் வெண்பீங்கானாலும் செய்கின்றனர். அதன்மேல் அழுக்குப் படிவது சற்றுக் குறைவு, ஈறு மெல்லியதாயினும் கருநிழல் தெரியாது. ஆயினும் என் கருத்தில், பொருளைவிட மேற்பல்லை எவ்வாறு பொருத்தினர் என்பதே பெரிது. திருகி மாட்டினால் வேண்டும்போது கழற்றிச் சுத்தம் செய்யலாம். சிமெண்டால் ஒட்டினால் அதன் துணுக்கு ஈற்றின் அடியில் தங்கிவிடக்கூடும்.

என் மைத்துனருக்கு நேர்ந்ததும் இதுவே. நீரிழிவு உடையவர், மிளகு விற்ற பணத்தில் இரு பற்கள் நட்டுக்கொண்டார். சில மாதங்களில் ஒன்றைச் சுற்றிக் குருதி கசிந்தது. "வலியில்லையே மாமா, உலோகத்திற்கு என்ன நோய்?" என்று என்னிடம் வாதாடினார். விடாப்பிடியாக அழைத்துச் சென்றேன். மருத்துவர் நுண்கோலால் ஈற்றின் ஆழத்தை அளந்து, நிழற்படம் எடுத்துப் பார்த்துவிட்டு, அரிசி நொய்யளவு சிமெண்டுத் துணுக்கொன்றை அகற்றினார். எலும்பு குறையவில்லை. சில வாரங்களில் கசிவு நின்றது. புகையிலையை விட்டாலன்றி இது நிலைக்காது என்று மருத்துவர் கண்டிப்பாகக் கூறிவிட்டார். இப்போது வெற்றிலை மட்டும் போடுகிறார். அதுவும் அத்தைக்குத் தெரியாமல்! இரவுதோறும் இடுக்குத் தூரிகையால் துலக்குகிறார். ஆறு திங்களுக்கு ஒருமுறை காட்டி வருகிறார்.

உங்களுள் சிலர் விளையாட்டில் முன்பல்லை இழந்திருக்கலாம். உடனே நட்டுவிடலாமே என்று தோன்றும். தாடை வளர்ந்துகொண்டிருக்கும்போது பக்கத்துப் பற்கள் அதனோடு நகரும். நட்டது நகராது நின்றவிடத்தே நிற்பதால், பின்னர் தாழ்ந்து, ஈற்றின் விளிம்பும் ஏறுமாறாகத் தோன்றும். ஆகவே வளர்ச்சி முடியும்வரை தற்காலிகப் பல்லோடு காத்திருக்கச் சொல்கின்றனர்.