வெள்ளையோடு நிறுத்துங்கள்

நம் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்யாணம் நிச்சயமானால், மாப்பிள்ளை வீட்டுக்கு முதலில் வந்து நிற்பவர் பெயிண்டர். புதுமணத் தம்பதி தங்கப்போகும் அறைக்கு நிறம் அடிக்கப்படுகிறது. நிறத்தைச் சொல்பவர் மாப்பிள்ளையின் தம்பியாக இருக்கலாம், அத்தையாக இருக்கலாம். பல வீடுகளில் டப்பாவில் மீந்திருக்கும் பெயிண்டே அதை முடிவுசெய்துவிடும். பிறகு பெண் வீட்டுச் சீராகக் கட்டிலும் மெத்தையும் பீரோவும் வண்டியில் வந்து இறங்கும். அவற்றைக் கடையில் பார்த்து எடுத்தவர் பெண்ணின் அப்பாவோ தாய்மாமாவோ. அந்த அறையில் வாழப்போகிற இருவரைத் தவிர மற்ற எல்லாருடைய ரசனையும் உள்ளே வந்துவிடுகிறது. கணவன், மனைவி இருவருக்கும் பிடித்த மாதிரி படுக்கையறையை அமைப்பது எப்படி என்ற கேள்வி இதற்குப் பிறகுதான் எழுகிறது. அதற்குள் மிஞ்சுவது திரைச்சீலையும் தலையணை உறையும்தான். நான் சொல்ல வருவது இதற்கு நேர்மாறான வரிசை. சுவர், தரை, காற்று, வெளிச்சம் ஆகியவற்றை அந்த இருவரும் சேர்ந்து தீர்மானிக்கட்டும். அவை ஒழுங்காக அமைந்தால், உள்ளே வைக்கும் பொருள்களில் ஒருவருக்கொருவர் ஒத்துப்போக வேண்டிய கட்டாயமே இராது.

இதற்குச் சான்று நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. கடியாபட்டி, ராயவரம், அரிமளம், கோனாபட்டு போன்ற ஊர்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி 1940கள் வரை நகரத்தார் கட்டிய வீடுகளைப் பாருங்கள். பர்மாத் தேக்குத் தூண், இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, ரவிவர்மா அச்சுப்படம், பக்கத்திலேயே தஞ்சாவூர் ஓவியம். இவை ஒரே கையால் திட்டமிட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்டவை அல்ல. ரங்கூனுக்குப் போனவர் ஒன்று கொண்டுவந்தார், பினாங்குக்குப் போனவர் இன்னொன்று கொண்டுவந்தார், மருமகள்களோடு வேறு பல வந்தன. ஆனாலும் கண்ணுக்கு உறுத்தவில்லை. காரணம், பின்னால் இருக்கும் சுவர். சுண்ணாம்பு, கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் பல பூச்சாக இழைத்த வெள்ளைச் சுவர் அது. கைவைத்தால் பளிங்கு போலக் குளிரும். கீழே ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, சிமெண்டும் மணலும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. சூளையில் சுடுவது கிடையாது. சிவப்பு, மஞ்சள், கருப்பு, பச்சை என்று தரை முழுவதும் ஒரே கோலம் திரும்பத் திரும்ப வரும். அந்தச் சுவரும் அந்தத் தரையும் அசையாமல் நிற்பதால், நடுவே எது வந்து அமர்ந்தாலும் தாங்குகின்றன.

அது விருந்தினர் பார்க்கும் முகப்பும் பட்டாசாலையும்; தம்பதியின் படுக்கையறைக்கு அது எப்படிச் சான்றாகும் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த வீடுகளில் வளவு எனும் உள்முற்றத்தைச் சுற்றி மணமான மகன் ஒவ்வொருவருக்கும் ஓர் அறை உண்டு, ஆனால் அது பெரும்பாலும் சாமான் வைத்துப் பூட்டும் அறை. வெக்கையில் எல்லாரும் படுத்தது தாழ்வாரத்தில். அந்த ஆண்களில் பலர் மூன்றாண்டுக் கெடுவில் கடல் கடந்து வட்டிக்கடையில் இருந்தார்கள். எந்த அறைக்கு என்ன நிறம் என்று எந்த மருமகளையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆகவே, அந்த அறைகளை இன்றைய தம்பதிக்கு முன்மாதிரி என்று சொல்ல மாட்டேன். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். மருமகள் கொண்டுவந்த பாத்திரங்களில் அவள் பெயரின் முதலெழுத்துகள் வெட்டப்பட்டிருக்கும். கூட்டுக் குடும்பத்துக்குள் வந்த பிறகும் அந்தப் பொருள் அவளுடையதாகவே இருந்தது. வீடு எல்லாருக்கும் பொது, பொருள் அவரவருக்கு என்ற அந்த ஏற்பாட்டைத்தான் இன்றைய படுக்கையறைக்கும் பரிந்துரைக்கிறேன்.

ஒருவருக்கு நல்ல ரசனை இருந்தால் அவரிடமே முழுதாக விட்டுவிடலாமே என்பது இன்னொரு கட்சி. வியன்னாவில் அடால்ஃப் லூஸ் என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் 1903இல் அப்படித்தான் செய்தார். மனைவி லீனாவுக்காகச் சுவர், திரை, தரை, கட்டில் என எல்லாம் வெள்ளையாக ஓர் அறை அமைத்தார். தரையிலிருந்து கட்டில் வரை வெண்ணிற அங்கோரா ரோமம். அதன் புகைப்படம் ‘என் மனைவியின் படுக்கையறை’ என்ற தலைப்பில் பத்திரிகையில் வந்தது. கலை வரலாற்றில் அதற்கு இடம் உண்டு. 1905இல் அவர்கள் பிரிந்துவிட்டார்கள். அறைமேல் பழிபோட நான் வரவில்லை. ஆனால் தலைப்பில் ‘மனைவி’ இருந்ததே தவிர, படத்தில் தெரிந்த ரசனை முழுவதும் கணவருடையது. அங்கே அவள் தன் பொருள் ஒன்றை வைத்தாலும் அது கறையாகத்தான் தெரிந்திருக்கும். சரிபாதியாகப் பிரித்து, இந்தச் சுவர் உனக்கு, அந்தச் சுவர் எனக்கு என்பதும் பலிக்காது. படுத்தால் இருவர் கண்ணிலும் நான்கு சுவரும்தானே படுகின்றன?

ரசனைச் சண்டை என்று நாம் நினைப்பதில் பாதி ரசனையே இல்லை, உடம்பு சம்பந்தப்பட்டது. ஒருவருக்கு ஃபேன் ஐந்தில் ஓட வேண்டும், மற்றவருக்கு இரண்டிலேயே தலை வலிக்கும். ஒருவர் விளக்கை அணைத்தால்தான் தூங்குவார், மற்றவர் செல்போனோ புத்தகமோ பார்க்காமல் கண் மூட மாட்டார். ஜன்னலைத் திறந்தால் காற்று, கூடவே கொசு. சித்திரை, வைகாசியில் நம் ஊர் கான்கிரீட் கூரை இரவு நெடுநேரம் வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருக்கும். அப்போது சுவரில் என்ன நிறம் என்ற பேச்சே எடுபடாது. ஜன்னலுக்குக் கொசுவலை, மொட்டைமாடிக்கு வெள்ளைப் பூச்சு, கட்டிலின் இரண்டு பக்கமும் தனித்தனி விளக்கு. இவை முடிந்த பிறகு மிஞ்சும் கருத்து வேறுபாடுதான் உண்மையான ரசனை வேறுபாடு. அது பெரும்பாலும் நினைத்ததைவிடச் சின்னதாக இருக்கும்.

தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் ஒரு வீட்டின் மொத்தப் பரப்பே 360 சதுர அடிதான். கட்டிலும் பீரோவும் போட்டால் நடக்கவே இடமில்லாத அறையில் ரசனை எங்கிருந்து வரும் என்று கேட்பவர்கள் உண்டு. சின்ன அறைக்குத்தான் இந்த வரிசை இன்னும் அவசியம். சித்தன்னவாசல் குகை விதானத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரு தாமரைக் குளத்துக்குள் மீன், பறவை, எருமை, யானை, பூப்பறிக்கும் மனிதர்கள் என்று அவ்வளவும் அடங்கியிருக்கின்றன. ஆனால் நிறங்கள் சிலதான், பெரும்பாலும் மண்ணிலிருந்து எடுத்தவை. கூட்டம் நெருக்கமாகத் தெரியாததற்கு அதுவே காரணம் என்பது என் கணிப்பு. அதே போல, அறையின் சுவர் வெள்ளையாகவோ வெளிறிய மஞ்சளாகவோ இருந்து, இருவருமாகச் சேர்ந்து தேர்ந்த இரண்டே நிறங்கள் போர்வையிலும் திரையிலும் வரட்டும். பிறகு அவர் சுவரில் இளையராஜா படத்தை மாட்டட்டும், அவள் அலமாரியில் பனையோலைக் கொட்டானையும் கல்லூரிக் கோப்பையையும் வைக்கட்டும். ஒருவர் பொருளை மற்றவர் ரசிக்க வேண்டியதில்லை.

வாடகை வீட்டில் ஆணி அடிக்கவே விடமாட்டார்களே என்றால், அங்கும் சுவர் பொது, பொருள் தனி. ஓர் அலமாரித் தட்டு ஆளுக்கொன்று போதும். கல்யாணத்துக்காக அறையைப் புதுப்பிக்கும் வீட்டாரிடம் என் வேண்டுகோள் இதுதான்: சுண்ணாம்போ பிரைமரோ வெள்ளை அடித்ததும் நிறுத்திவிடுங்கள், மீதியைப் பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து வந்து சொல்லட்டும். புதிதாகக் கட்டுபவர்களுக்கு அதைவிட முந்தியே ஒரு தருணம் வருகிறது. கொத்தனார் பூச்சுவேலை தொடங்கும் முன் எலெக்ட்ரீசியன் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, கட்டில் எந்தப் பக்கம், ஸ்விட்ச் எங்கே என்று கேட்பார். அந்த நேரத்தில் இருவரும் அங்கே இருக்க வேண்டும்.